நாள்பட்ட தாடைத் தசை வலியை எலியில் ஆராய்வது எப்படி: புதுச்சேரியிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

கடலூர் ஓ.டி.யில் (ஓல்டு டவுனில்) இருக்கும் என் சித்திக்கு வலது கன்னத்தில் வலி வந்து மூன்று வருடம் ஆகிறது. முதல் ஆறு மாதம் பல்வலி என்றே நினைத்து, நன்றாக இருந்த ஒரு கடைவாய்ப் பல்லையும் பிடுங்கிக்கொண்டார். வலி அப்படியேதான் இருந்தது. பிறகு வேறொரு மருத்துவர் தாடை எலும்பின் மூலைக்குச் சற்று மேலே இரண்டு விரலை வைத்து அழுத்தினார், சித்தி "ஐயோ, இதேதான்" என்று கையைத் தட்டிவிட்டார். மாசெட்டர் தசை, மெல்லும்போது கன்னத்தில் இறுகுவது. அந்தத் தசையில் கிளம்பும் வலி பல்லில் போய்த் தெரிவது அபூர்வமே இல்லை. இப்போது சித்தி முறுக்கை டீயில் ஊறவைத்துத்தான் சாப்பிடுகிறார், பண்ருட்டியிலிருந்து யாராவது முந்திரி கொண்டுவந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், பத்து நிமிடத்தில் முடிந்த சாப்பாடு அரை மணி நேரம் இழுக்கிறது.

நான் புதுச்சேரியில் உடலியங்கியலில் ஆராய்ச்சி செய்தவன், என் தீசிஸ் இந்தத் தசை வலிதான். வருடத்துக்கு இரண்டு மூன்று ஜூனியர்கள் வந்து கேட்பது ஒரே கேள்வி: "அண்ணா, எந்த மாடல் ஈஸி?" மாடல் என்றால் எலியில் அந்த வலியை உண்டாக்கும் முறை. அந்தக் கேள்வியிலேயே தீசிஸ் பாதி கெட்டுவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"எலியில் தாடை வலியை ஆராய்தல்" என்பது கேள்வி இல்லை, தலைப்பு. "தசைநாண் காயம் ஆறிய பிறகும் வலி நீடிப்பதற்கு மூளைத்தண்டில் உள்ள மைக்ரோக்ளியா என்ற பாதுகாப்புச் செல்கள் காரணமா?" என்பது கேள்வி. "மன அழுத்தத்தில் இருக்கும் எலிக்குத் தசை வலி கூடுதல் நாள் நீடிக்கிறதா?" என்பதும் கேள்வி. இதை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் மாடல் பக்கமே போக வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு மாடலும் நோயின் ஒரு துண்டைத்தான் காட்டும்.

மனிதர்களில் நோய் எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட வலி. தாடை மூட்டு, தசைக் கோளாறுகளுக்காக 2014-இல் வந்த டிசி-டிஎம்டி நோயறிதல் முறையில் மருத்துவர் தசையை அழுத்திப் பார்ப்பார், அப்போது வருவது நோயாளிக்கு ஏற்கெனவே பழக்கமான அதே வலிதானா என்று கேட்பார். சித்தி சொன்ன "இதேதான்" அதுதான். பெரும்பாலும் வீக்கம் இருக்காது, ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் இரண்டு மடங்கு அதிகம், அதிலும் மாதவிடாய் இருக்கும் வயதில். அமெரிக்காவில் 2006-இல் தொடங்கிய ஒப்பெரா ஆய்வு, தாடை வலியே இல்லாத 2,737 பேரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தது. அதில் வருடத்துக்கு நூறில் நான்கு பேர் அளவுக்குப் புதிதாக வலி வந்தது. தூக்கம் கெட்டவர்கள், உடம்பில் வேறு இடங்களிலும் வலி, மரமரப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், மன உளைச்சலில் இருந்தவர்கள், இவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. யாருக்கும் ஒரே நாளில் ஒரே ஊசியில் வந்துவிடவில்லை. எலிக்கு நாம் கொடுக்கப்போவது பெரும்பாலும் அந்த ஒரே ஊசிதான். இந்த இடைவெளியை மறக்காதவரைக்கும் சரி.

படி 2: எலியின் தாடையைத் தெரிந்துகொள்ளுங்கள்

மாசெட்டரிலிருந்து வலிச் செய்தி, முகத்தின் உணர்வுகளைக் கொண்டுபோகும் ட்ரைஜெமினல் நரம்பின் தாடைக் கிளை வழியாக ட்ரைஜெமினல் கேங்கிலியன் என்ற நரம்புச் செல் முடிச்சுக்கும், அங்கிருந்து மூளைத்தண்டின் காடாலிஸ் உட்கருவுக்கும் போகிறது (இங்கே உட்கரு என்பது நரம்புச் செல்களின் கூட்டம்). இது எலிக்கும் நமக்கும் ஒன்றுதான், அதனால்தான் எலி பயன்படுகிறது. ஆனால் அதே தசைக்குள் இருக்கும் நீட்சி உணரிகளின் நரம்புச் செல்கள் கேங்கிலியனில் இல்லை, மூளைத்தண்டுக்குள்ளேயே மீசென்செஃபாலிக் உட்கருவில் உட்கார்ந்திருக்கின்றன. கேங்கிலியனை மட்டும் வெட்டி எடுத்து "தசை நரம்பு முழுக்கப் பார்த்துவிட்டேன்" என்று எழுதாதீர்கள்.

வேறுபாடுகள் இன்னும் முக்கியம். எலியின் கீழ்த்தாடை இரண்டு பாதியும் முன்னால் எலும்பாகச் சேர்ந்திருக்காது, தனித்தனியாக அசையும். கொறிக்கும்போது தாடை முன்னால் போகும், மெல்லும்போது பின்னால் வரும், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய அதனால் முடியாது. முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், வாரத்துக்குச் சில மில்லிமீட்டர். வலியால் எலி கொறிப்பதை நிறுத்தினால் பல் நீண்டு வளைந்து, வலி தணிந்த பிறகும் அதனால் சாப்பிட முடியாமல் போகும். நீங்கள் அளப்பது தசை வலியா, பல் பிரச்சினையா என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது. வாரம் ஒரு தடவை உதட்டை விலக்கிப் பல்லைப் பாருங்கள், முப்பது நொடி வேலை.

படி 3: மாடலைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும்.

எளிமையானது 5 சதவீத உப்புக் கரைசல், அதாவது ஹைப்பர்டானிக் சலைன். தசையில் போட்டால் உடனே வலிக்கும், நிமிடக் கணக்கில் அடங்கிவிடும். இதன் பெரிய வசதி, ஒப்புதல் கொடுத்த மனிதர்களுக்கும் இதையே போட்டுப் பார்க்கிறார்கள், ஆகவே எலியையும் மனிதனையும் நேராக ஒப்பிடலாம். நாள்பட்ட வலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்து சிஎஃப்ஏ. கொன்ற காசநோய்க் குடும்ப பாக்டீரியாவை எண்ணெயில் கலந்தது. நம் பக்கத்துத் தீசிஸ்களில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன், காரணமும் தெரியும்: மலிவு, தவறாமல் வேலை செய்யும், கன்னம் வீங்குவது கண்ணுக்கே தெரியும், கைடு வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார். சில மணி நேரத்தில் எலியின் தாங்கும் அளவு குறைந்து, ஓரிரு வாரத்தில் பெரும்பாலும் திரும்பிவிடும். ஆனால் இது கடுமையான அழற்சி. சித்தியின் கன்னம் ஒரு நாளும் இப்படி வீங்கியதில்லை. அழற்சி தொடங்கும்போது நரம்பில் என்ன மாறுகிறது என்பது உங்கள் கேள்வியானால் சிஎஃப்ஏ மிகச் சரியான தேர்வு. தலைப்பில் "நாள்பட்ட" என்று போட்டுவிட்டு ஏழாம் நாள் எலியைக் கொன்று முடிக்கிறீர்கள் என்றால், வைவாவில் யாராவது கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். இன்னொன்று, சிஎஃப்ஏ ஊசி தவறி உங்கள் விரலில் குத்தினால் ஆறாத கட்டி வரலாம். கண்ணாடி போடுங்கள், ஊசியைத் திரும்ப மூடாதீர்கள்.

அமில சலைன் முறை 2001-இல் எலியின் கெண்டைக்கால் தசையில் செய்து காட்டப்பட்டது. பிஎச் 4 உள்ள சலைனை ஐந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை ஒரே காலில் போட்டார்கள், இரண்டு காலிலும் வாரக்கணக்கில் வலி உணர்வு கூடியே இருந்தது. தசையில் பெரிய சேதம் இல்லை. வலியைப் பிடித்துவைத்திருப்பது தசை இல்லை, தண்டுவடமும் மூளையும்தான் என்று பலரை யோசிக்கவைத்த மாடல் இது. ஆனால் கெண்டைக்காலில் நடந்தது கன்னத்திலும் அப்படியே நடக்கும் என்று நம்பி நாற்பது எலி வாங்கிவிடாதீர்கள். நான்கில் முதலில் பாருங்கள்.

என்ஜிஎஃப் எனக்குப் பிடித்தது. நரம்பு வளர்ச்சிக் காரணிப் புரதம். மாசெட்டரில் போட்டால் கண்ணுக்குத் தெரியும் அழற்சி பெரிதாக இல்லாமலே நாட்கணக்கில் அழுத்த வலி, அதாவது அழுத்தினால் வரும் வலி, கூடுகிறது. 2003-இல் இதையே ஆரோக்கியமான மனிதர்களின் மாசெட்டரில் போட்டுப் பார்த்தார்கள். சும்மா இருக்கும்போது பெரிய வலி இல்லை, மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் வலித்தது, அழுத்தினால் வலித்தது. சித்தியிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். விலை மட்டும் சிஎஃப்ஏ மாதிரி இருக்காது.

உண்மையிலேயே நீண்ட நாள் வேண்டுமென்றால் தசைநாண் கட்டு. 2010-இல் வெளியான முறை: மயக்கத்தில் இருக்கும் எலியின் வாய்க்குள் சின்ன வெட்டு, மாசெட்டரின் முன்பக்க மேலடுக்குத் தசைநாணைத் தனியாக எடுத்து, குரோமிக் கட்கட் என்ற தையல் நூலால் இரண்டு கட்டு, அவ்வளவுதான். அழுத்த வலி சுமார் இரண்டு மாதம் நீடிக்கிறது. எலியின் மொத்த ஆயுளே இரண்டு, மூன்று வருடம் என்று பார்த்தால் அது கணிசமான காலம். கை பழக வேண்டும். முதல் பத்து எலியை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

கடைவாய்ப் பல்லின் மேல் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான உலோகத் தொப்பி ஒட்டிக் கடியை உயர்த்தும் முறையும் உண்டு. மாசெட்டரில் வாரக்கணக்கில் வலி உணர்வு கூடுகிறது. பல் மருத்துவர்களுக்கு இயல்பாகவே பிடிக்கும். எனக்கு இதில் ஒரு தயக்கம்: கடி சரியில்லாததால்தான் தாடை வலி வருகிறது என்ற பழைய எண்ணத்துக்கு மனிதர்களில் ஆதாரம் பலவீனம். ஆகவே நீண்ட தசை வலிக்கான ஒரு கருவி என்று இதைப் பயன்படுத்துங்கள், நோயின் காரணத்தை நிரூபித்துவிட்டதாக எழுத வேண்டாம்.

கடைசியாக மன அழுத்தம். மூன்று நாள் நீந்தவைக்கும் முறை ஒன்று இருக்கிறது: முதல் நாள் 10 நிமிடம், அடுத்த இரண்டு நாள் 20 நிமிடம். தனியாகவே தசை வலி உணர்வைக் கூட்டும், சிறிய தசைக் காயத்தோடு சேர்த்தால் இன்னும். ஒப்பெரா சொன்ன மனிதர்களுக்கு மிகப் பக்கத்தில் வருவது இந்தக் கூட்டு மாடல்கள்தான் என்பது என் கருத்து. வேலை இரட்டிப்பு, குழுக்கள் நான்கு ஆகிவிடும்: இரண்டும் இல்லாதது, காயம் மட்டும், அழுத்தம் மட்டும், இரண்டும். நான்கில் ஒன்றை மிச்சப்படுத்தப் பார்த்தால் முழுவதும் வீண்.

படி 4: அனுமதி

இந்தியாவில் 1960 விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் 1998 விதிகளும்தான் அடிப்படை. விலங்குப் பரிசோதனைகளைக் கண்காணிக்கும், முன்பு சிபிசிஎஸ்இஏ என்று இருந்த மத்தியக் குழு இப்போது சிசிஎஸ்இஏ. எலி, சுண்டெலி மாதிரி சிறு விலங்கு என்றால் உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவே முடிவெடுக்கும், படிவம் பி நிரப்ப வேண்டும். குழுவில் வெளியாட்களும் கால்நடை மருத்துவரும், விஞ்ஞானி அல்லாத ஒருவரும் இருப்பார்கள். அந்த விஞ்ஞானி அல்லாதவர் கேட்கும் கேள்விதான் பொதுவாகக் கடினமான கேள்வி. "எதுக்கு இத்தனை எலி, எதுக்கு வலி மருந்து கொடுக்காம விடறீங்க?" என்று என்னைக் கேட்டார்கள். வலியைத்தான் அளக்கிறேன், மருந்து கொடுத்தால் அளக்க ஒன்றும் இருக்காது என்பது பாதி பதில்தான். எந்த நிலையில் நிறுத்துவீர்கள் என்பது மீதிப் பாதி: எடை 20 சதவீதம் குறைந்தால், மென்மையான உணவையும் தொடாமல் போனால், முதுகைக் கூனிக்கொண்டு மூலையிலேயே கிடந்தால், அன்றைக்கே அந்த எலிக்குப் பரிசோதனை முடிந்தது. இதை எண்களோடு எழுதுங்கள்.

எண்ணிக்கைக் கணக்கும் இங்கேயே வந்துவிடும். இரண்டு குழு, 80 சதவீதத் திறன் (இருக்கும் வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு), வழக்கமான 5 சதவீதப் பிழை (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு). குழுக்களுக்கு இடையிலான வித்தியாசம் திட்ட விலக்கத்தைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் குழுவுக்கு 8, 9 எலி போதும், ஒரு மடங்குதான் என்றால் 17 வேண்டும். "எல்லாரும் ஆறு போட்டாங்க" என்பது கணக்கு இல்லை.

படி 5: எலியை வாங்குவது, வைப்பது, பழக்குவது

பதிவு பெற்ற வளர்ப்பிடத்திலிருந்துதான் வாங்க வேண்டும். விஸ்டார் அல்லது ஸ்ப்ராக் டாலி வகை எலி, 200-லிருந்து 250 கிராம். வந்தவுடன் ஒரு வாரம் சும்மா விடுங்கள், லாரியில் வந்த அலுப்பு போகட்டும்.

ஆண் எலி மட்டுமா, பெண்ணும் வேண்டுமா? பெண்களுக்கு இரண்டு மடங்கு வரும் நோயை ஆண் எலியில் மட்டும் ஆராய்வது வேடிக்கை, ஆனால் பல பத்தாண்டுகள் அதைத்தான் செய்தார்கள். பெண் எலிக்கு இனச்சுழற்சி 4 முதல் 5 நாள். தினமும் காலையில் ஒரு சொட்டு சலைனால் யோனித் துடைப்பு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சுழற்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்: உருண்டையான உட்கரு உள்ள செல்கள் என்றால் புரோஈஸ்ட்ரஸ், உட்கருவில்லாத தட்டையான செதில்கள் என்றால் ஈஸ்ட்ரஸ், வெள்ளணுக்கள் நிறைந்திருந்தால் டையஸ்ட்ரஸ். பத்து நாளில் பழகிவிடும். துடைப்பு எடுப்பதே ஒரு தொந்தரவு, ஆகவே ஆண் எலிகளையும் அதே நேரத்தில் அதே மாதிரி கையில் பிடித்து விடுங்கள்.

அப்புறம் நம் ஊர் விஷயங்கள். நான் முதல் அளவீடுகளைத் தீபாவளி வாரத்தில் எடுத்த புத்திசாலி. அனிமல் ஹவுஸ் சுவருக்குப் பின்னாலேயே குடியிருப்பு, மூன்று நாள் வெடிச் சத்தம், எலிகள் எதைத் தொட்டாலும் துள்ளின. மொத்தமும் குப்பைக்குப் போனது. காலண்டரைப் பார்த்து நாள் குறியுங்கள், கல்லூரியில் எங்கே கட்டட வேலை நடக்கப்போகிறது என்று பொறியியல் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் வேறு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஊரே தண்ணீரில் நின்றது, மின்சாரம் போனது. ஜெனரேட்டர் இருந்தால்கூட ஈரப்பதம் ஏறி, படுக்கைக்குப் போடும் உமி நமத்துப்போய் அம்மோனியா வாடை தூக்கும். எலிக்கு அதுவே ஒரு அழுத்தப் பரிசோதனை. அளவீட்டு நோட்டில் வெப்பம், ஈரப்பதம், மின்வெட்டு என்று மூன்று கட்டம் போடுங்கள்.

இன்னொரு ஆச்சரியமான விஷயம். 2014-இல் வந்த ஆய்வு ஒன்று, ஆண் ஆராய்ச்சியாளரின் வாடை பட்டாலே எலிகளுக்கு மன அழுத்தம் ஏறி வலி உணர்வு மங்குகிறது என்று காட்டியது. அந்த ஆராய்ச்சியாளர் போட்ட டி-ஷர்ட்டை வைத்தால்கூட. ஆகவே அளப்பவர் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே ஆளாக இருக்கட்டும். பாதியில் நண்பனிடம் கொடுத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போகாதீர்கள்.

பழக்குவது ஐந்து நாள். காட்டன் துண்டில் தளர்வாகச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, முதல் இரண்டு நாள் சும்மா உட்காருங்கள். மூன்றாம் நாள் கன்னத்தில் விரலால் தொடுங்கள். முதலில் மீசை படபடவென்று ஆடும், விரல் கிட்டே வரும்போதே கழுத்தை உள்ளே இழுக்கும். ஐந்தாம் நாள் அதே எலி பாதிக் கண் மூடிக்கொண்டு, பல்லை மெதுவாக நறநறத்துக்கொண்டு கிடக்கும். மீசை நின்றதா என்று பாருங்கள். நின்றால்தான் அளக்கத் தயார். நிற்காத எலியை வலுக்கட்டாயமாக அளந்தால் நீங்கள் அளப்பது பயத்தை.

படி 6: ஊசியும் கத்தியும்

மாசெட்டருக்கு மேலே பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பியும் முக நரம்பின் கிளைகளும் போகின்றன. ஊசி ஒரு மில்லிமீட்டர் மாறினால் மருந்து சுரப்பிக்குள் போய்விடும். வேறு ஆராய்ச்சியில் முடிந்துபோன எலிகளைக் கேட்டு வாங்கி, நீலச் சாயத்தை ஊசி போட்டு, தோலை உரித்து எங்கே பரவியது என்று பாருங்கள். நான் இருபது கன்னம் இப்படிப் பழகினேன், முதல் எட்டில் ஐந்து தவறு.

சரியான இடம் கன்ன எலும்பு வளைவுக்கும் தாடைக் கோணத்துக்கும் நடுவே, தசையின் வயிற்றுப் பகுதி. ஊசி எலும்பைத் தொடும்வரை போய், இம்மி பின்னால் இழுத்து, மெதுவாகச் செலுத்துங்கள். 50 மைக்ரோலிட்டருக்கு மேல் வேண்டாம், அளவு கூடினால் தசையை விரிப்பதே ஒரு காயம். முப்பது நொடி கழித்து ஊசியை எடுங்கள். சிஎஃப்ஏ எமல்ஷன் கெட்டி, மிக மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும்.

ஊசிக்கு ஐசோஃப்ளூரேன் மயக்க வாயு கொஞ்ச நேரம் போதும். தசைநாண் கட்டுக்குக் கீட்டமின்-சைலசின் மயக்க மருந்து, கிலோவுக்கு 80-ம் 10-ம் மில்லிகிராம் வழக்கமான அளவு, உங்கள் கால்நடை மருத்துவர் சொல்வதே முடிவு. கண்ணுக்குக் களிம்பு போட மறக்காதீர்கள். எலியின் உடம்புச் சூடு மயக்கத்தில் வேகமாக இறங்கும். வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் ஏசி அறையில் வெப்பத் திண்டு இல்லாமல் அறுவை செய்யக் கூடாது.

ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே வெட்டு, அதே நேரம், கட்டு மட்டும் இல்லை. மறு கன்னத்தை ஒப்பீடாக வைக்கும் பழக்கத்தை விடுங்கள், நாள்பட்ட மாடல்களில் வலி உணர்வு மறு பக்கமும் பரவும். அறுவைக்குப் பிறகு மீசை ஒரு பக்கம் தொங்கினாலோ கண் இமை மூடாவிட்டாலோ முக நரம்பு போச்சு. அந்த எலியை நீக்குங்கள், நீக்கியதை எழுதுங்கள்.

படி 7: அளப்பது

எல்லாரும் பயன்படுத்துவது வான் ஃப்ரே இழை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குதிரை முடியில் தொடங்கியது, இப்போது நைலான். ஒவ்வொரு இழையும் குறிப்பிட்ட விசையில் வளையும். தசைக்கு மேல் தோலில் செங்குத்தாக வைத்து வளையும்வரை அழுத்துகிறோம், எலி தலையை இழுத்தால் அந்த விசை வலித்தது. குறைவிலிருந்து கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு இழையையும் ஐந்து தடவை வைத்து, எத்தனை தடவை இழுக்கிறது என்று குறித்துக்கொண்டால் வளைகோடு கிடைக்கும். அதில் பாதித் தடவை இழுக்கும் விசைதான் த்ரெஷோல்டு.

மெல்லிய இழை குத்துவது தோலை, தசையை இல்லை. அழுத்த வலியை அளக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு தோலைச் சுரண்டிக்கொண்டிருப்போம். மொட்டையான, அகலமான முனையுள்ள அழுத்தக் கருவி தசைக்கு நல்லது. அது இல்லையென்றால், ஒரு நாள் கன்னத்தில் மரத்துப்போகும் களிம்பு தடவி மறுபடி அளந்து பாருங்கள். தோல் மரத்த பிறகும் வித்தியாசம் அப்படியே இருந்தால் அது தசையின் வலி.

எது சிஎஃப்ஏ, எது சலைன் என்று அளப்பவருக்குத் தெரியக் கூடாது. வீங்கிய கன்னம் கண்ணுக்கே தெரியும்போது எப்படி மறைப்பது? முழுதாக முடியாது. வீடியோ எடுத்து, கன்னம் தெரியாத கோணத்தில் தலை அசைவை மட்டும் வேறொருவர் எண்ணலாம். என்ஜிஎஃப், தசைநாண் மாடல்களில் இந்தத் தலைவலி குறைவு என்பது அவற்றைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம்.

இனி சித்தியின் அரை மணி நேரத்துக்கு வருவோம். அவர் என்னிடம் ஒரு நாளும் "என் த்ரெஷோல்டு குறைந்துவிட்டது" என்று சொன்னதில்லை. சாப்பிட நேரமாகிறது, கடினமானதை ஒதுக்குகிறேன் என்றுதான் சொல்கிறார். எலியிலும் இதை அளக்க முடியும், அளக்காமல் விடுவதுதான் பெரிய தவறு. கருவியுள்ள ஆய்வகங்களில் 45 மில்லிகிராம் உருண்டைகளை ஒவ்வொன்றாகக் கொடுக்கும் பெட்டி இருக்கிறது, எலி எப்போது ஒரு வேளை உணவைத் தொடங்கி எப்போது முடிக்கிறது என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். தாடை வலித்தால் மொத்த உணவு அதிகம் குறையாமலே உணவு நேரம் நீளும். யாரும் தொடாமல், துண்டில் சுற்றாமல், இரவு முழுக்க அளக்கலாம், எலி இரவு விலங்கு என்பதற்கும் இதுவே பொருத்தம். சுண்டெலிக்கு டோலோநாமீட்டர் என்று 2010-இல் ஒரு கருவி வந்தது: குழாயில் அடைபட்ட சுண்டெலி வெளியே வர அடுத்தடுத்து இரண்டு குச்சிகளைக் கடித்துத் துண்டாக்க வேண்டும், எத்தனை நேரமாகிறது என்பதே அளவு.

பணம் இல்லையா? எனக்கும் இல்லை. இரண்டு கிண்ணம், ஒன்றில் வழக்கமான கடின உணவு, இன்னொன்றில் அதையே தண்ணீரில் குழைத்தது. இரவு எட்டு மணிக்கு வைத்து இரண்டு மணி நேரம் இருட்டில் இன்ஃப்ராரெட் கேமராவில் பதிவுசெய்து, மிச்சத்தை எடைபோடுங்கள். குழைத்ததில் தண்ணீர் ஆவியாகும், ஆகவே எலியில்லாத கூண்டில் ஒரு கிண்ணம் வைத்து அந்த எடைக் குறைவைக் கழித்துக்கொள்ளுங்கள். தசைநாண் கட்டிய எலிகளில் முதல் வாரம் கடின உணவைத் தொட்டுவிட்டு நகர்வதைப் பார்த்தேன். ஒரு பெண் எலி தினமும் ஒரு கடின உருண்டையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீர்க் குழாயின் கீழே வைத்துக் காத்திருந்தது. ஒரு எலியை வைத்து எதுவும் சொல்ல முடியாது, தெரியும். இருந்தாலும் எனக்கு டீ தம்ளர்தான் ஞாபகம் வந்தது.

முகபாவ அளவுகோல் 2011-இலிருந்து எலிக்கு இருக்கிறது: கண் சுருங்குவது, மூக்கும் கன்னமும் தட்டையாவது, காது, மீசை. மற்ற வலிகளுக்கு நல்லது. இங்கே கன்னத்திலேயே ஊசி போட்டிருக்கிறோம், அதில் கன்னத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவதை நான் நம்புவதில்லை. கண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மாடல் வேலை செய்கிறதா என்று நிரூபிக்க, ஏற்கெனவே தெரிந்த வலி மருந்து கொடுத்து அளவு திரும்புகிறதா என்று ஒரு குழுவில் பாருங்கள். திரும்பவில்லையென்றால் உங்கள் புது மருந்து வேலை செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது.

படி 8: திசு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், திசுவில் ஒரு குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் காட்டும் ஆன்டிபாடி உங்கள் ஆய்வகத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் முடிவு செய்யும். கேங்கிலியனில் வலியோடு தொடர்புள்ள சிஜிஆர்பி, டிஆர்பிவி1 புரதங்கள். மூளைத்தண்டில் மைக்ரோக்ளியாவுக்கு ஐபிஏ1, ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்லுக்கு ஜிஎஃப்ஏபி. எந்த கேங்கிலியன் செல் மாசெட்டரிலிருந்து வருகிறது என்று தெரிய, ஒரு வாரம் முன்பே தசையில் ஃப்ளூரோகோல்டு மாதிரி பின்னோக்கிப் போகும் சாயம் போட்டுவைக்க வேண்டும். இதை மறந்துவிட்டுக் கடைசியில் வருத்தப்படாதவர் யாரும் இல்லை. தசையையும் வெட்டிப் பாருங்கள், அழற்சி இல்லை என்று எழுதுவதற்கு முன் இல்லைதானா என்று.

படி 9: எழுதுவது

எலியில் வேலை செய்தது மனிதனிடம் போய் நிற்கும் என்று உறுதி கிடையாது. வலிச் செய்தியைக் கடத்தும் சப்ஸ்டன்ஸ் பி-யைத் தடுக்கும் மருந்துகள் எலியில் வலியை அழகாகக் குறைத்தன, 1990-களில் மனித வலிப் பரிசோதனைகளில் வரிசையாகத் தோற்றன. அந்தக் குடும்பத்து அப்ரெபிடன்ட் இன்று கீமோ வாந்திக்கு மருந்து. என்ஜிஎஃப்-ஐத் தடுக்கும் டனெசுமாப் மனிதர்களிலேயே மூட்டு வலியைக் குறைத்தது, ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாகத் தேய்ந்ததால் 2021-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு எதிராக வாக்களித்தது, நிறுவனங்கள் கைவிட்டன. அழுத்தினால் தலையை இழுப்பதை மட்டும் அளந்துவிட்டு "நோயாளிகளுக்குப் பயன்படும்" என்று கடைசி வரியில் எழுத உங்களுக்குக் கை வரக் கூடாது.

விலங்கு ஆராய்ச்சியை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும், 2020-இல் புதுப்பித்த அரைவ் வழிகாட்டுதல்களை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நிரப்புங்கள்: எத்தனை எலி, எந்தப் பால், எப்படிக் குழு பிரித்தீர்கள், யாருக்கு மறைத்தீர்கள், எத்தனை எலியை எதற்காக நீக்கினீர்கள். என் தீசிஸில் நீக்கிய எலிகளுக்குத் தனி அட்டவணை இருக்கிறது. முக நரம்பு அடிபட்டவை மூன்று, பல் நீண்டது ஒன்று, தீபாவளிக் கூட்டம் முழுவதும். கைடு அதை எடுத்துவிடலாமே என்றார். நான் பின்னிணைப்புக்கு மாற்றினேன், எடுக்கவில்லை. போன வருடம் ஒரு ஜூனியர் அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் தன் முதல் அளவீட்டைத் தை மாதத்துக்குத் தள்ளிவைத்தாள்.